கணுக்காலின் புறத்தே ஒரு வலி

சுளுக்கு என்னும் ஒரே சொல்லால் நாம் எத்தனையோ துன்பங்களை மூடி வைத்துவிடுகிறோம். கழுத்துப் பிடித்தாலும் சுளுக்கு. இடுப்புப் பிடித்தாலும் சுளுக்கு. கரண்டைக்கால் மடங்கினாலும் சுளுக்கு. பெயர் ஒன்றாகிவிட்டபடியால் மருந்தும் ஒன்றாகிவிட்டது. எண்ணெய் இட்டு நீவுவது, புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போடுவது, இரண்டு நாள் காலை நீட்டிக் கிடப்பது. பெரும்பாலான சுளுக்குகள் இவற்றாலோ, இவற்றையும் மீறியோ ஆறிவிடுகின்றன என்பது உண்மையே. ஆறாமல் மாதக்கணக்கில் நின்றுவிடும் ஒருவகை வலியைப் பற்றி, விலங்கியல் மாணவி என்ற முறையிலும், தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையிலும் நான் அறிந்துகொண்டவற்றை ஈண்டு எழுத முற்படுகிறேன்.

என் ஊர் மேகமலையில் மணலாறு. சின்னமனூரிலிருந்து தென்பழனி அடிவாரத்தைக் கடந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, மகாராஜமெட்டு என்று தோட்டங்கள் தொடர்ந்து வரும். விடுமுறை நாள்களில் மேகத்தைப் பார்க்கக் கீழேயிருந்து வருவோர் பலர். அங்கேயே இருப்பவர்கள் மேகத்தைவிடச் சரிவையே அதிகம் பார்க்கிறார்கள். காலை மஸ்டர் முடிந்து நிரை பிடித்தால் மாலை வரை அச்சரிவில்தான் நிற்க வேண்டும். மழையில் மண் வழுக்கும், அட்டை ஏறும், காலில் பெரும்பாலும் ரப்பர்ச் செருப்புத்தான். என் அம்மா இருபத்தாறு ஆண்டுகளாக இவ்வாறு நிற்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் அவருடைய இடக்கால் உட்புறமாக மடங்கியது. வீக்கம் பத்து நாளில் வடிந்தது. வலி வடியவில்லை. தை பிறந்த பின்னரும் கரண்டை எலும்பின் பின்புறத்தைத் தடவிக்கொண்டே லயன் வாசலில் அமர்ந்திருப்பார். வேலைக்குப் போனால் வலி. போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. இந்த இரண்டுக்கும் இடையில் எங்கள் வீட்டில் நான்கு மாதங்கள் கழிந்தன. அதன் பிறகே நான் உடற்கூற்றியல் நூலைப் பாடத்திற்காக அன்றித் தேவைக்காகப் புரட்டத் தொடங்கினேன்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். இதற்குப் படம் வேண்டியதில்லை. வாசகர் தம் காலையே எடுத்துக்கொள்ளலாம். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் அமர்ந்து, கணுக்காலின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பைத் தொடுங்கள். அது முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளுள் மெலிதான ஃபிபுலாவின் கீழ்முனை. அதன் பின்புறம் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு, உள்ளங்கால் வெளிப்பக்கம் பார்க்குமாறு பாதத்தைத் திருப்புங்கள். விரலுக்கடியில் கயிறுபோல் ஒன்று விறைத்து எழும்பும். அது ஒரு கயிறன்று, இரண்டு. கால்ப்புறத் தசைகளாகிய பெரோனியஸ் லாங்கஸ், பெரோனியஸ் பிரேவிஸ் என்னும் இரண்டின் தசைநாண்கள் அவை. லாங்கஸ் என்றால் நெடியது. பிரேவிஸ் என்றால் குறியது. நாம் நெடுநாண், குறுநாண் என்றே வைத்துக்கொள்வோம்.

இரண்டு நாண்களும் கரண்டை எலும்பின் பின்னால் உள்ள ஒரு பள்ளத்தின் வழியே ஒன்றாக இறங்குகின்றன. குறுநாண் எலும்பை ஒட்டியும் நெடுநாண் அதன் பின்னாலும் கிடக்கும். பள்ளத்திலிருந்து நழுவிவிடாதபடி ஒரு பட்டையான நார்த்திசு அவற்றைக் குறுக்கே பிடித்து வைத்திருக்கிறது. பிறகு வழி பிரிகிறது. குறுநாண் பாதத்தின் வெளியோரமாக முன்னே சென்று, சுண்டுவிரலுக்குரிய நீண்ட எலும்பின் அடியில் முடிகிறது. பாதத்தின் வெளியோரத்தை நீள நீவிப் பார்த்தால் நடுவில் ஒரு முண்டு தட்டுப்படுமே, அதுதான் அவ்விடம். நெடுநாணின் பயணம் வியப்புக்குரியது. அது பாதத்தின் வெளியோரத்தில் கனசதுர எலும்பை வளைந்து சுற்றி உள்ளங்காலுக்குள் புகுந்து, குறுக்காக முழுப் பாதத்தையும் கடந்து, பெருவிரலின் பக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது. முழங்காலின் வெளிப்புறத்தில் தொடங்கிய தசை, பாதத்தின் உட்புறத்தில் பிடிகொள்கிறது! அதனால்தான் அது பாதத்தை வெளிப்புறம் திருப்புவதோடு நில்லாமல், பெருவிரலின் அடியைத் தரையில் அழுத்தி, பாதத்தின் வளைவையும் தாங்குகிறது.

பெயரைப் பற்றி ஒரு சிறு செய்தி. கிரேக்க மொழியில் பெரோனே என்றால் ஆடையைக் குத்திச் செருகும் ஊசி. இலத்தீனில் அதே ஊசிக்கு ஃபிபுலா என்று பெயர். மெலிந்த அவ்வெலும்பு ஊக்கின் ஊசிபோல் தோன்றியதால் இரு மொழியாரும் ஒரே உவமையைக் கண்டார்கள். 1998-இல் உடற்கூற்றியல் பெயர்களைச் சீர்செய்தபோது பெரோனியஸ் என்பதை ஃபிபுலாரிஸ் என்று மாற்றினார்கள். மருத்துவர்கள் பலர் இன்னும் பழைய பெயரையே வழங்குகின்றனர். நானும் அவ்வாறே வழங்குகிறேன்.

இனி, இந்நாண்கள் ஏன் நோகின்றன? கிணற்றில் நீர் இறைக்கும் கயிற்றைக் கவனித்திருக்கிறோம். நடுவில் தொங்கும் பகுதி பல ஆண்டு தாங்கும். கப்பியின்மேல் வளையும் பகுதியே முதலில் நைகிறது. நெடுநாண் கரண்டையின் பின்னால் ஒருமுறை, குதிகால் எலும்பின் புறத்தே உள்ள சிறு மேட்டருகே ஒருமுறை, கனசதுர எலும்பைச் சுற்றும்போது ஒருமுறை என மும்முறை வளைகிறது. ஒவ்வொரு வளைவிலும் அது இழுபடுவதோடு எலும்பின்மேல் நசுக்கவும் படுகிறது. குறுநாணோ எலும்புக்கும் நெடுநாணுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டது. அதில் நீளவாக்கில் கீறல் விழுவதற்கு இந்த நெருக்கடியே பெரிதும் காரணம்.

நாண் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழைகள் முறுக்காக அடுக்கப்பட்ட கட்டு. தசையைப் போல் அதற்கு இரத்த ஓட்டம் தாராளமாக இல்லை. ஆதலால் பழுது பார்க்கும் வேலையும் மெதுவாகவே நடக்கும். நெடுங்காலம் இவ்வலியை நாண் அழற்சி என்றே அழைத்து வந்தனர். ஆனால் நாட்பட்ட நாண்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சிக்குரிய உயிரணுக்கள் குறைவாகவும், ஒழுங்கு குலைந்த கொலாஜன் இழைகள் மிகுதியாகவும் காணப்பட்டன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜில் குக், கிரெய்க் பர்டம் ஆகிய இருவரும் 2009-இல் இதனை ஒரு தொடர்நிலையாக விளக்கினர். தாங்கும் அளவுக்கு மேல் சுமை வந்தால் நாண் முதலில் தடித்து நோகும். அந்நிலையில் சுமையைச் சரிப்படுத்தினால் மீண்டுவிடும். சரிப்படுத்தாது விட்டால் சிதைவை நோக்கிச் செல்லும். இவ்விளக்கத்தை மனத்திற் கொண்டால் மருத்துவத்தின் போக்கு எளிதில் விளங்கும். எரிகிற நெருப்பை அணைப்பதன்று வேலை. தளர்ந்த கயிற்றை மீண்டும் சுமைக்குப் பழக்குவது.

சரிவுக்கு வருவோம். ஒரு பலகையைச் சாய்வாக வைத்து, அதன்மேல் குறுக்கே நின்று பார்த்தால் நான் சொல்வது கண்கூடாகும். மேட்டுப் பக்கத்துக் காலின் உள்ளோரம் தாழ்ந்து, பாதம் வெளிப்புறம் சாய்கிறது. பள்ளத்துப் பக்கத்துக் காலுக்கு நேர்மாறாக வெளியோரம் தாழ்ந்து உள்ளோரம் உயர்கிறது. அதாவது, சுளுக்கு விழும்போது பாதம் எப்படி மடங்குமோ அந்தப் பக்கமாகவே அது சற்று மடங்கி நிற்கிறது. அதற்குமேல் மடங்கிவிடாமல் இழுத்துப் பிடிப்பவை புறத்தே உள்ள இரண்டு நாண்களே. நீண்ட நிலையிலேயே வேலை செய்து, அதே வேளையில் கரண்டை எலும்பின்மேல் நசுங்கியும் கிடக்கும் இவ்வேலை அவற்றுக்கு மிகக் கடினமானது.

நிரை எடுப்பவர்கள் இருபக்கமும் மாறி மாறி நிற்பார்களானால் சுமையை இரு கால்களும் பங்கிட்டுக்கொள்ளும். அம்மா வேலை செய்யும் பகுதியில் வண்டிப்பாதை ஒரு முனையில் இருக்கிறது. எல்லாரும் பாதையிலிருந்தே நிரையைத் தொடங்கி, மறுமுனை சேர்ந்து, கொழுந்தை இறக்கிவிட்டுத் திரும்பவும் பாதையிலிருந்தே அடுத்த நிரையைத் தொடங்குகிறார்கள். ஆகவே பள்ளம் எப்போதும் இடக்கைப் பக்கம். நோவு வந்ததும் இடக்காலில். நான் அப்பகுதியில் வேலை பார்க்கும் அத்தைமார், சித்திமார் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். கரண்டை நோவு உள்ளவர்கள் என்று கைகாட்டிய ஐவரில் நால்வருக்கு இடக்கால்தான். ஐந்து பேரை வைத்துக்கொண்டு விதி எழுத முடியாது; ஆனால் யோசிக்க இடம் உண்டு.

தோட்டத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் உரியதன்று இவ்வலி. சாலையின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருப்பதால், நாள்தோறும் ஒரே ஓரத்தில் ஓடிப் பழகுகிறவர்களுக்கு ஓரத்துப் பக்கத்துக் கால் இதே நிலையில்தான் விழுகிறது. கபடியில் பக்கவாட்டில் வெட்டித் திரும்புகிறவர்கள், கைப்பந்தில் குதித்து இன்னொருவர் பாதத்தின்மேல் இறங்குகிறவர்கள், பாதவளைவு இயல்பிலேயே உயர்ந்திருப்பவர்கள், முன்பு சுளுக்கு விழுந்து சரியாகத் தேறாதவர்கள் ஆகியோருக்கும் இது வரும். நடனமாடுவோருக்கும் உண்டு. இந்நாண்கள் பள்ளத்திலிருந்து நழுவுவதை 1803-இல் முதன்முதல் எழுதிவைத்த இத்தாலிய அறுவை மருத்துவர் மோன்டெஜ்ஜியா, அதனைக் கண்டது ஒரு பாலே நடனக்காரரிடத்தில்.

சாதாரணச் சுளுக்கையும் நாண்வலியையும் பிரித்தறிவது எவ்வாறு? சுளுக்கில் அறுபடுவது பெரும்பாலும் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் மூட்டுநார். அது கரண்டை எலும்பின் முன்பக்கமும் கீழேயும் வலிக்கும். நாண்வலி எலும்பின் பின்பக்கமும், அங்கிருந்து பாதத்தின் வெளியோரம் வரையிலும் ஓடும். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் விறைப்பு இருக்கும். நடக்க நடக்கக் குறையும். வேலை முடிந்த மாலையில் மீண்டும் ஏறும். சின்னமனூரில் அம்மாவைப் பார்த்த டாக்டரம்மா செய்த சோதனை மிக எளியது. பாதத்தின் வெளியோரத்தில் தம் கையை வைத்துக்கொண்டு, "என் கையை வெளிய தள்ளுங்கம்மா" என்றார். தள்ளியவுடன் அம்மா முகம் சுளித்தார். "வலி எந்த இடத்துல?" என்றதும் ஒற்றை விரலால் எலும்பின் பின்புறத்தைத் தொட்டுக் காட்டினார். ஒற்றை விரலால் காட்ட முடிகிற வலியாக இருப்பது நல்ல குறி என்று பிறகு என்னிடம் சொன்னார். இடுப்பிலிருந்து இறங்கும் நரம்புவலியை அப்படி ஒரு விரலால் காட்ட முடியாது.

எலும்பு முறிவை முதலில் விலக்க வேண்டும். இதற்குக் கனடாவின் ஒட்டாவா நகரத்தில் இயன் ஸ்டீல் என்பாரும் உடனுழைத்தோரும் 1992-இல் வகுத்த விதிகள் உலகெங்கும் பயன்படுகின்றன. அவற்றை நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் அறிந்து வைத்திருத்தல் நன்று. கணுக்கால் எலும்புகளின் பின்னோரத்தில் கீழ் ஆறு சென்டிமீட்டருக்குள் அழுத்தினால் வலித்தாலோ, அடிபட்டவுடனும் மருத்துவரிடம் வந்த பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்-கதிர்ப் படம் தேவை. பாதத்தில் சுண்டுவிரல் எலும்பின் அடிமுண்டிலும், உட்புறத்தில் படகெலும்பிலும் அழுத்தினால் வலித்தாலும் அவ்வாறே. மேலே சொன்ன சுண்டுவிரல் எலும்பைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்து மருத்துவர் சர் ராபர்ட் ஜோன்ஸ் நடனமாடுகையில் தம் காலிலேயே அவ்வெலும்பை முறித்துக்கொண்டு, 1902-இல் அதையே கட்டுரையாக எழுதினார். இன்றும் அம்முறிவு அவர் பெயரால் வழங்குகிறது. நோயாளியும் தாமே, ஆசிரியரும் தாமே!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாதத்தை வட்டமாகச் சுழற்றும்போது கரண்டை எலும்பின்மேல் ஏதோ சொடுக்கென்று ஏறி இறங்கினால், பிடித்து வைத்திருக்கும் நார்ப்பட்டை கிழிந்துவிட்டது என்று பொருள். இதனைச் சுளுக்கென்று நினைத்து நீவிக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்கும். எலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இனி மருத்துவம். முதற்படி சுமையைக் குறைப்பது, அடியோடு நீக்குவதன்று. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு மாதம் படுத்தே கிடந்தால் வலி போய்விடும். ஆனால் நாணும் தசையும் மேலும் தளர்ந்துவிடும். எழுந்து பழைய வேலைக்குச் சென்ற மறுநாளே வலி திரும்பி வரும். எங்கள் வீட்டில் இரண்டு முறை இப்படி நடந்தது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்பதனால் முழு ஓய்வு எங்களுக்கு இயலாததாகவும் இருந்தது. அம்மாவின் நிலையில் டாக்டரம்மா சொன்னது இது: சில வாரங்களுக்கு நாற்றங்காலில் சமதரை வேலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதன்பின் நிரைக்குத் திரும்பும்போது முதலில் அரைநாள், முடிந்தால் மறுமுனையிலிருந்து நிரையைத் தொடங்கிப் பள்ளம் வலப்பக்கம் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காசில்லாத இந்த மருந்தைக் கேட்டு வாங்குவதற்கே எங்களுக்கு அதிகப் பாடுபட வேண்டியிருந்தது. மேற்பார்வையாளர் ஒருவர், "நிரைய மாத்தினா கணக்குக் குழம்பும்" என்றார். சித்தி ஒருவர் தம் நிரையை அம்மாவுடன் மாற்றிக்கொள்ள முன்வந்த பிறகே அவர் இசைந்தார். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளருக்கு மருத்துவ வசதியையும் நோய்க்கால உதவித்தொகையையும் நிருவாகத்தின் கடமையாக்கிற்று. 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அச்சட்டம் அடக்கப்பட்டது. காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்பது எளிது. வெளியே ஒன்றும் தெரியாத கரண்டை நோவுக்குக் கேட்பது அத்துணை எளிதன்று.

காலணியும் மருத்துவத்தில் ஒரு பங்கு. ரப்பர்ச் செருப்பில் பாதம் இருபக்கமும் அலைவதால் புறநாண்கள் ஓயாது இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கயிறு கட்டிய, குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் காலணி நலம். அதனுள் குதிகாலின் வெளியோரத்தில் நாலைந்து மில்லிமீட்டர் கனத்தில் ஓர் ஆப்பு வைத்தால், பாதம் சற்றே வெளிப்புறம் சாய்ந்து நாண்களின் பாரம் குறையும். பழைய செருப்பு ரப்பரைச் சீவி அப்பாவே அதைச் செய்து கொடுத்தார். மலைக்கு அது போதுமானதாக இருந்தது.

பனிக்கட்டி ஒற்றடம் முதல் சில நாள் வலியைத் தணிக்கும். ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் ஒரே சூத்திரமாக்கி 1978-இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அவரே 2014-இல், பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்தி எழுதினார். மார்கழியில் மணலாற்றில் குழாய்த் தண்ணீரே பனிக்கட்டிக்கு ஈடு என்பதால் எங்களுக்கு இந்த விவாதம் தேவைப்படவில்லை.

மருத்துவத்தின் உயிர்நிலை பயிற்சிதான். 1998-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன், குதிநாண் வலியால் அவதியுற்ற 15 ஓட்டக்காரர்களுக்கு, படியில் நின்று குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சியை நாளுக்கு இருவேளை, பன்னிரண்டு வாரம் கொடுத்தார். அனைவரும் மீண்டும் ஓடத் தொடங்கினர். அதுவரை நோகும் நாணுக்குச் சுமை கொடுப்பது பெரும்பாலோர்க்கு அச்சமாகவே இருந்தது. கணுக்காலின் புறநாண்களை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்த பெரிய ஆய்வுகள் குறைவு. குதிநாணில் கண்ட நெறியையே இவற்றுக்கும் பொருத்திச் செய்கின்றனர்.

அம்மா செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் அசைவில்லாத அழுத்தம் மட்டும். சுவரோரமாக அமர்ந்து, பாதத்தின் வெளியோரத்தைச் சுவரில் வைத்து, பாதம் நகராதபடி வெளிப்புறமாக அழுத்த வேண்டும். 30 முதல் 45 வினாடி வரை பிடித்து, இளைப்பாறி, ஐந்து முறை. இதனால் வலி அப்போதைக்கே சற்று அடங்குவதையும் அம்மா கண்டார். அடுத்து, பழைய சைக்கிள் டியூபை நீளவாட்டில் கிழித்து, ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டி, வெளிப்புறமாக இழுத்து, மிக மெதுவாக நடுநிலைக்குத் திரும்ப விடவேண்டும். பதினைந்து முறை வீதம் மூன்று சுற்று. இழுப்பதைவிடத் திரும்ப விடுவதில்தான் கவனம் வேண்டும். சரிவில் நாண் செய்யும் வேலை அதுவே. பிறகு நின்ற நிலையில் குதிகால்களை உயர்த்துதல். அப்போது பாரம் சுண்டுவிரல் பக்கம் சாயாமல் பெருவிரலின் அடியில் ஊன்ற வேண்டும். நெடுநாண் அங்கே போய்ப் பிடித்திருக்கிறது என்பதை மறவாதிருந்தால் இதன் காரணம் விளங்கும். இரண்டு கால்களில் எளிதானதும் ஒற்றைக் காலில். இவற்றோடு பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது; முதலில் கண் திறந்து, பின்னர் கண் மூடி. அம்மா பல் துலக்குவதைப் பார்த்து லயனில் சிரிக்காதவர்கள் இல்லை.

பயிற்சியில் வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா என்பது நியாயமான ஐயம். இதற்குக் காரின் சில்பர்னாகல் என்பவரும் குழுவினரும் 2007-இல் குதிநாண் நோயாளிகளிடம் ஆய்ந்த அளவுகோல் உதவுகிறது. வலியே இல்லாதது 0, தாங்கவே முடியாதது 10 என்று வைத்துக்கொண்டு, பயிற்சியின்போது 5 வரை ஏறினாலும் கேடில்லை. ஆனால் மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டும் போகலாகாது. எழுத்தறியாத அம்மாவுக்கு எண்களைவிட விறகு எளிதாக இருந்தது. "இன்னைக்கு மூணு கட்டை நோவு" என்பார். நான் நோட்டில் 3 என்று குறித்துக்கொள்வேன்.

செய்யத்தகாத ஒன்றும் உண்டு. வலிக்கும் இடத்தை இழுத்து விடுகிறேன் என்று பாதத்தை உட்புறமாக வளைத்துப் பிடிப்பதைப் பலரும் செய்கின்றனர். அவ்வாறு வளைக்கும்போது நாண் கரண்டை எலும்பின்மேல் மேலும் நசுங்குகிறது. ஆடுசதை இறுகியிருந்தால் சுவரில் கைவைத்து அதை மட்டும் நீட்டிவிடலாம். அதுவும் நோவு தணிந்த பிறகு.

எண்ணெய் நீவுவதைப் பற்றி என் கருத்தைக் கேட்பவர் உண்டு. மலைக்கு அப்பால் கேரளத்திலிருந்து வரும் முறிவெண்ணெய் எங்கள் வீடுகளில் எப்போதும் இருக்கும். ஆடுசதையை இளஞ்சூட்டில் மெல்ல நீவுவது இதமானது. அதை நான் தடுக்கமாட்டேன். கரண்டை எலும்பின் பின்னால் கட்டைவிரலைக் கொடுத்து, "நரம்பு ஏறிக்கிச்சு" என்று அழுத்தி வழிப்பது வேறு. அங்கே ஏறியது எதுவும் இல்லை. ஏற்கெனவே நசுங்கும் நாணை இன்னும் நசுக்குவதே அதன் பயன்.

ஊசி மருந்துக்கும் இங்கே எச்சரிக்கை தேவை. ஸ்டீராய்டு ஊசி போட்ட சில நாளில் வலி மாயமாகும். ஆனால் நாண் வலிகளில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் லான்செட் இதழில் வெளியான மதிப்பீடு, முழங்கை நாண்வலியில் முதல் வாரங்களில் ஊசியே மேலாயிருந்தும் மாதங்கள் கழிந்தபின் ஊசி போட்டவர்களின் நிலை மோசமாயிருந்ததைக் காட்டியது. நாணுக்குள்ளேயே அம்மருந்து சென்றால் நாண் நலிந்து அறுபடவும் கூடும். வலி மறைந்த தைரியத்தில் மறுநாளே சரிவில் ஏறுபவருக்கு இந்த அபாயம் இரட்டிப்பு. இதுபோலவே, வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் கடையில் நாமே கேட்டு வாங்கும் சிப்ரோபிளாக்சசின் வகை மாத்திரைகள் நாண்களைப் பாதிக்கக்கூடியவை. 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவற்றின் உறைமேல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. நாண்வலி உள்ளவர், குறிப்பாக அறுபது வயதைக் கடந்தவரும் ஸ்டீராய்டு உண்பவரும், இதனை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் நாண் மெதுவாகவே ஆறும்.

மூன்று முதல் ஆறு மாதம் முறையாகப் பயிற்சி செய்தும் குறையாவிட்டால் அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ. படம் எடுத்துக் கீறல் உண்டா என்று பார்ப்பார்கள். க. விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மணலாற்றிலிருந்து போய்வர ஒருநாள் முழுதும் ஆகும். ஆனாலும் போக வேண்டிய கட்டம் அது. குறுநாணில் கீறல் இருந்தால் சிதைந்த பகுதியை நீக்கித் தைப்பதும், கிழிந்த நார்ப்பட்டையைச் சீர்செய்வதும், பள்ளம் ஆழமில்லாதிருந்தால் ஆழமாக்குவதும் அறுவை மருத்துவர்கள் கையாளும் வழிகள். பெரும்பாலோர்க்கு அந்நிலை வருவதில்லை.

நம் கல்லூரி விளையாட்டு மாணவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு விரலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலை முழு உயரத்துக்கு எத்தனை முறை உயர்த்த முடிகிறது என்று இரு கால்களிலும் எண்ணிப் பாருங்கள். நலமான இளைஞருக்கு 25 என்பது வழக்கமாகக் கொள்ளும் அளவு. எண்ணிக்கையைவிட இரு கால்களுக்கும் உள்ள வேறுபாடே முக்கியம். சுளுக்கு விழுந்த கால் மற்றதைவிட வெகுவாகப் பின்தங்கியிருக்கும்போது, வீக்கம் வடிந்துவிட்டது என்ற ஒன்றையே நம்பிக் களத்தில் இறங்கினால், இரண்டாவது சுளுக்கும் அதன் பின்னே இந்நாண்வலியும் வரக் காத்திருக்கின்றன. சம எண்ணிக்கை வந்தபின், ஒற்றைக் காலில் பக்கவாட்டில் கோட்டைத் தாண்டித் தாண்டிக் குதித்துப் பார்த்து, மறுநாள் காலை விறைப்பு இல்லையென்றால் ஆட்டத்துக்குப் போகலாம்.

அம்மா தொடங்கிய நாளில் இடக்கால் 4, வலக்கால் 15. பன்னிரண்டாம் வாரம் இடக்கால் 13. சித்திரையில் முழுநாள் நிரைக்குத் திரும்பினார். அவ்வாண்டு ஐப்பசி மழை தொடங்கியதும் நோட்டில் மறுபடி இரண்டு கட்டை, மூன்று கட்டை என்று பதிவுகள் வந்தன, சைக்கிள் டியூப் மீண்டும் கட்டில் காலில் ஏறியது, கார்த்திகைக்குள் இறங்கிவிட்டது. நிரை மாற்றிக்கொண்ட சித்திக்கு இப்போது இடக்கரண்டை வலிக்கத் தொடங்கியிருக்கிறது. ஆகையால் இருவரும் வாரம் ஒருவராக முறை வைத்துக்கொண்டு மறுமுனையிலிருந்து தொடங்குகிறார்கள். சித்தியின் கணக்கு இடக்கால் 11, வலக்கால் 16.